வாயின் இடது ஓரம்

ஜன்னல் வெளிச்சம் மனைவியின் முகத்தில் விழுகிறது. சிற்பி கவராயத்தை விரித்து அவளுடைய இடது கண்ணிலிருந்து உதட்டோரம் வரை அளந்து, அதைத் தான் செதுக்கிவரும் அவளுடைய மரமுகத்தின் மேல் வைக்கிறார். நேற்று கச்சிதமாகப் பொருந்திய அளவு இன்று ஓர் அரிசி அகலம் கூடுகிறது. கவராயத்தின் திருகை இறுக்கிவிட்டு மறுபடி அளக்கிறார். அதே வித்தியாசம். அவள் மடியில், காலையில் வாயோரம் வழிந்த தேநீரின் கறை இன்னும் காயவில்லை. "என்ன, என் மூஞ்சியக் கெடுத்துட்டீங்களா?" என்கிறாள். சொற்கள் சற்றே குழறுகின்றன. "கொஞ்சம் சிரி" என்கிறார் அவர். "ஆமா, இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்று சிரிக்கிறாள். வலது ஓரம் மட்டும் உயர்கிறது. செதுக்கும்போது தன் கை தவறியிருக்கக் கூடாதா என்று மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சிற்பி கவராயத்தைக் கீழே போட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் செருப்பைத் தேடுகிறார்.