அந்த வீணாப்போனவன்

"மறுபடியும் அந்தப் படமா?"

விஷாகாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே ராஜலக்ஷ்மி கேட்டாள். டி.வி.யில் ஒரு வெள்ளைக்காரன் மழையில் நனைந்தபடி கத்திக்கொண்டிருந்தான். விஷாகா அவசரமாக நிறுத்தினாள்.

ரிச்சர்ட்சன் ஊர் லைப்ரரியில் அந்த வீடியோ கேசட்டை முதலில் எடுத்தவளே ராஜலக்ஷ்மிதான். பிரிட்டிஷ் படம் என்றதும் தொப்பி, குதிரை வண்டி, டீ பார்ட்டி என்று நம்பிவிட்டாள். வந்ததோ, வேலை போன ஒரு வாத்தியார். பெண்டாட்டி, மாமியார், பாதிரியார் யாரையும் விடாமல் நாக்காலேயே குத்திக் கிழிக்கிறவன். பாதியில் நிறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதையே பக்கத்து அப்பார்ட்மென்ட் விஷாகா திரும்பத் திரும்ப எடுக்கிறாளாம். தமிழ்ப் பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாலு வார்த்தை சொல்ல ராஜலக்ஷ்மியை விட்டால் யார்?

"வாங்க ஆன்ட்டி." உள்ளேயிருந்து விஷாகாவின் கணவன் ஸ்ரீநிவாசன் வந்தான். "முழங்கால் எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட போகணும்னா சொல்லுங்க, லீவு போட்டுட்டு டிராப் பண்றேன். உக்காருங்க, காபி நானே போடறேன்."

குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆபீஸ் விட்டால் வீடு. காபியும் நன்றாகவே இருந்தது.

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு ஆன்ட்டி. ராத்திரிக்குச் சப்பாத்தி போதும்னு இவகிட்ட சொல்லிடுங்க" என்று உள்ளே போனான்.

எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியிடம் நேராகக் கட்டளை போடக்கூடக் கூசுகிற பையன். ராஜலக்ஷ்மிக்கு மனசு குளிர்ந்துபோனது.

அறைக்கதவு சாத்தியதும் ஆரம்பித்தாள்.

"தங்கமான புருஷன். அந்த வீணாப்போனவன்கிட்ட உனக்கு அப்படி என்ன மயக்கம்?"

"மயக்கமெல்லாம் இல்ல ஆன்ட்டி. அவன் கெட்டவன்தான்."

"தெரியுதில்ல? பின்னே?"

"சூப் ஆறிப்போச்சுன்னு ஒரு சண்டை வருமே, பார்த்தீங்களா?"

"அது சகிக்காமதானே நிறுத்தினேன். கட்டினவளை ஒருத்தன் அவ்வளவு நேரமா திட்டுவான்?"

"அதைத்தான் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்ப்பேன்."

"கர்மம். திட்டு வாங்க ஆசையா உனக்கு? வேலைக்குப் போக விசா இல்ல, கையில குழந்தை இல்ல. சும்மா கிடக்கிற மூளை இப்படித்தான் போகும். இன்னிக்கே உங்க அம்மாவுக்கு போன் போடறேன்."

விஷாகாவின் முகம் வெளுத்தது. "வேண்டாம் ஆன்ட்டி. நான் இங்க நல்லா இருக்கேன்னு நினைச்சுட்டுதான் அவங்க தூங்கறாங்க."

"நல்லா இல்லாம என்ன? கேசட்டைக் கொடு. லைப்ரரில நானே போட்டுடறேன்."

விஷாகா மறுக்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள். ராஜலக்ஷ்மி அதைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். விஷாகா வாசல்வரை கூடவே வந்தாள்.

"திட்டறப்போ அவன் அவளோட கண்ணைப் பார்த்துதான் திட்டறான் ஆன்ட்டி."

"அதுக்கு?"

விஷாகா சாத்தியிருந்த அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் வந்து இறங்கின அன்னிக்கு, ஏர்போர்ட்லேருந்து வர்ற வழியில, 'எங்க அம்மா கட்டாயத்துக்காகத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்'னு சொன்னார். அவர் என்கிட்ட நேரா பேசினது அதுதான் கடைசி."

ராஜலக்ஷ்மியும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் வாங்க ஆன்ட்டி. வெளி ஆள் யாராவது இருந்தாத்தான் இந்த வீட்ல அவர் குரல் கேக்கும்."