சிவப்பு மறைந்த நாட்காட்டி

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எந்த இயந்திரத்தில் கை வைப்பதானாலும், திரையிலிருக்கும் நாட்காட்டியில் முதலில் அதற்கொரு பட்டை போட வேண்டும். இரண்டு வேலைகள் மோதினால் பட்டைகள் சிவந்துவிடும். அன்று காலை அவசர அறுவை சிகிச்சை ஒன்று வந்து விழுந்ததும், யூபிஎஸ் பேட்டரி மாற்றும் வேலையோடு மோதி நாட்காட்டி சிவந்தது. சுகிர்தா பேட்டரிப் பட்டையைப் பிடித்து மறுநாளுக்கு இழுத்துவிட்டாள். சிவப்பு மறைந்தது. வேலையே முடிந்துவிட்டாற்போல் அவளுக்கு இருந்தது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான், பேட்டரிக்காரர்கள் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை என்பது உறைத்தது. அவர்களுக்கு அவள்தான் போனில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. உடனே பேட்டரிக்காரர் சவரியைப் போனில் பிடித்தாள்.

“சவரியண்ணே, எங்க இருக்கீங்க?”

“சர்வர் ரூம்லதாம்மா. பழசைக் கழட்டியாச்சு. புதுசு கீழ வண்டியில கிடக்கு. லிஃப்ட்டுல பேஷண்ட்டுக்குத்தான் முதல்ல வழின்னு வாட்ச்மேன் மறிக்கிறான். அந்த மகராசன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“அண்ணே, அது நாளைக்கு…”

“நாளைக்கா? யாரு சொன்னா? சரி விடுங்க, கரண்ட் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது.”

அறுவை அரங்கின் திரைகளெல்லாம் அந்த அறையை நம்பித்தான் ஓடின. பேட்டரி இல்லாத நேரத்தில் மின்சாரம் போனால், ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் எல்லாம் அணைந்துவிடும். அவள் அரங்கின் எண்ணை அழுத்தினாள்.

“தியேட்டர். சீக்கிரம் சொல்லுங்க, கேஸ் ஓடிட்டிருக்கு,” என்றது ஒரு பெண்குரல்.

சுகிர்தா போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்தாள். தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.