நாலாம் நம்பர் படுக்கை

“அடுத்ததைப் படி,” என்றார் அப்பா.

ஏழு மணி எபிசோட் முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. நான் சோபாவில், கையில் போன். அப்பா தரையில் சம்மணம் போட்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி. பொடி எழுத்து அவர் கண்ணுக்கு ஆகாது. எனவே நேயர் கருத்துகளை வாசிப்பது என் வேலை.

“‘டாக்டரின் சட்டைக்கு இஸ்திரி போட்டவர் விலாசம் கிடைக்குமா?’”

“அடுத்தது.”

“‘ஆபரேஷன் தியேட்டரில் ஜன்னல் திறந்திருக்கிறது. கொசு வந்தால் யார் பொறுப்பு?’”

“நியாயமான கேள்வி. அடுத்தது.”

“‘நர்ஸ் டாக்டரைக் காதலிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசியைப் போட்டு முடித்துவிட்டுக் காதலிக்கட்டும்.’”

அப்பா சிரிக்கவில்லை. இருநூற்றுப் பதினேழு கருத்துகளில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

அந்த மருத்துவமனைத் தொடரில் அவர் ஒரு நோயாளி. முதல் எபிசோடில் லாரி மோதி நினைவிழந்தவர், இன்றுவரை கண் திறக்கவில்லை. டாக்டரும் நர்ஸும் சண்டை போடுவது, சமாதானமாவது, மறுபடி சண்டை போடுவது எல்லாம் அவருடைய கால்மாட்டில்தான். அறுபத்து மூன்று எபிசோட் ஆகிவிட்டது. வசனம் கிடையாது. மூக்கு அரித்தால் சொறியவும் அனுமதி கிடையாது.

போன வாரம் உதவி இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். நாலாம் நம்பர் படுக்கை என்ன ஆச்சு என்று நேயர்கள் கேட்டால் எழுப்பிவிடலாம். எழுந்து, “நான் எங்க இருக்கேன்?” என்று ஒரு வசனம் பேசிவிட்டு டிஸ்சார்ஜ் ஆகலாம். யாரும் கேட்காவிட்டால் படுத்தே கிடக்க வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அப்பா குளியலறையில் “நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சோகமாக ஒரு தடவை, குழப்பமாக ஒரு தடவை, கொஞ்சம் கோபமாகவும். முதல் இரண்டு நாள் “பாத்ரூம்லதான்” என்று பதில் சொன்னேன். அப்புறம் பாவமாகிவிட்டது.

“இருக்குப்பா! ‘நாலாம் நம்பர் படுக்கை நோயாளியை எழுப்புங்கள். அவருடைய முகபாவம் நெஞ்சை உருக்குகிறது.’”

அப்பா நிமிர்ந்தார்.

“மூஞ்சி முழுக்க மாஸ்க் போட்டுக் கெடக்கேன். அதுல எந்தப் பாவத்தைடா கண்டான்?”

நான் போனையே பார்த்தேன்.

“எத்தனை பேர்ல எழுதின?”

“ஆறு.”

“பொம்பளப் பேரும் உண்டா?”

“ரெண்டு. ஒருத்தங்க ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ்.”

“விளங்கிடும்,” என்றார். ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு இருந்தது.

அந்தச் சிரிப்பு போகாமல் இருக்கட்டும் என்று இன்னும் கீழே தள்ளினேன். ஒரு கருத்து. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். லைக், பூஜ்ஜியம்.

“‘நாலாம் நம்பர் படுக்கைல இருக்கறவரை எழுப்பாதீங்க, தூங்கட்டும். ஆனா இப்படி மல்லாக்கப் போட்டு வைக்காதீங்க, அவருக்கு ஆகாது. இடது பக்கமா ஒருக்களிச்சு, கையை மடிச்சுத் தலைக்குக் கீழ வெச்சாத்தான் நிம்மதியாத் தூங்குவார். மத்தபடி எபிசோட் சுமார்.’”

வாசித்து முடித்தபோது அப்பா எழுந்து நின்றிருந்தார்.

“இதுவும் நீதானா?”

“இல்லப்பா. சத்தியமா இல்ல. நீங்க எப்படித் தூங்குவீங்கன்னு எனக்கெங்க தெரியும்?”

“இன்னொரு தடவை படி.”

படித்தேன். ‘சுமார்’ வரைக்கும் அசையாமல் கேட்டார்.

இருபத்தாறு வருஷ ஆபீஸ் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, “நடிக்கப் போறேன்” என்று அவர் அறிவித்த அன்று சாயந்திரமே அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். “இனிமே உங்க மூஞ்சிய டி.வி.லகூடப் பார்க்க மாட்டேன்” என்று வாசலில் நின்று சொன்னாள். இரண்டு வருஷம் ஆகிறது. சொன்ன சொல் தவறாதவள். மாஸ்க் இருப்பதால் இன்னும் பார்க்கவும் இல்லை.

என்னோடு தினமும் பேசுவாள். சாப்பிட்டியா, பரீட்சை எப்ப, அதோடு சரி. இந்தத் தொடரைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை. நடிகர் பட்டியலில் அப்பா பெயரைப் போடுவதும் இல்லை.

திரையில் தெரிவது போர்வைக்கு அடியில் ஒரு மேடு. அவ்வளவுதான்.

அப்பாவின் போன் அடித்தது. உதவி இயக்குநர். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

“சார், சூப்பர் நியூஸ்! ஆறு பேர் உங்களைக் கேட்டிருக்காங்க. ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அப்படியே உருகிட்டாங்க. செவ்வாய்க்கிழமை எழுப்பிடலாம்னு டைரக்டரே சொல்லிட்டார். வசனத்தைப் பாடம் பண்ணிக்கங்க. அன்னிக்கே டிஸ்சார்ஜ்.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வேணாம் தம்பி. நான் படுத்தே இருக்கேன்.”

“என்ன சார் இது? வசனம் வசனம்னு நீங்கதானே என் உயிரை எடுத்தீங்க?”

“அது கெடக்கட்டும். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. நாளையிலேருந்து இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கறேன்.”

“கோமால இருக்கறவர் எதுக்கு சார் ஒருக்களிக்கணும்?”

அப்பா என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் போனைக் கையால் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“வீட்ல சொல்றாங்க.”