கண்மாயை மூன்று சுற்று

எங்கள் ஊர்க் கண்மாயைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியபோது ஒரு பலகை நட்டார்கள். அதில் பஞ்சாயத்துத் தலைவர் பெயர் பெரிதாகவும் பறவைகளின் பெயர்கள் பொடியாகவும் இருந்தன.

போலீஸ் வேலைக்காக மலையாண்டியும் சோணையும் தினமும் விடிகாலையில் கண்மாய்க் கரையை மூன்று சுற்று ஓடினார்கள். கூடுகள் இருக்கும் பக்கம் வந்ததும், பறவைகள் கலையாமலிருக்க வரப்பில் இறங்கிச் சுற்றிப்போவார்கள்.

ஒரு நாள் மதுரைக்குப் போய்வந்த சோணை, "ஆள் எடுப்பு அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போயிருச்சு மாப்ள" என்றான். மறுநாள் காலையும் இருவரும் மூன்று சுற்று ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் சோணை கழுத்தில் மாலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். காலை ஆறு மணிக்கு மதுரை மைதானத்தில் ஓடி, போலீஸுக்குத் தேர்வாகியிருந்தான். பலகை நட்ட ராசி என்று தலைவர் அரை மணி நேரம் பேசினார்.

"ஆறு மணிக்கு என்கூட ஓடினது யாருடா?" என்றான் மலையாண்டி.

"எம்புட்டு வயித்தெரிச்சல் பாருங்க!" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

சோணை நிமிரவில்லை. "சொன்னா நீ முந்திருவ மாப்ள" என்று முணுமுணுத்தான்.

பத்து நாள் மலையாண்டி ஓடவில்லை. பதினோராம் நாள் காலை, சோணையைப் பயிற்சிக்கு அனுப்ப ஊரே மேளத்தோடு பஸ்ஸுக்குப் போனது. மலையாண்டி கண்மாய்க்குப் போனான். மேளம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

கரையில் சோணை வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியபடி நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"தள்ளிப்போயிருச்சுன்னு அங்க பஸ் ஏறுறவன் என்கிட்டயும்தான் சொன்னான் மாப்ள" என்றான்.