நடுவில் ஒரு பை

"எல்லாரும் பையை நடுவுல வைங்க" என்று அமுதவல்லி டீச்சர் பரீட்சை நாள் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் அதே பழக்கத்தில் பைகளைத் தூக்கிப் பெஞ்சு பெஞ்சாகச் சுவர் எழுப்பினார்கள். பிறகுதான் முதல் பெஞ்சு ஆயிஷா சிரித்தாள்.

"மிஸ், இன்னைக்கு நாங்க எல்லாரும் ஒரே பக்கத்துலதானே எழுதுறோம்!"

உண்மைதான். ஆளுக்கொன்றாகப் புதிதாக வந்த டேப்லெட்களில் நாற்பது பேருக்கும் ஒரே பக்கம். ஒருத்தி தொடங்கிய வரியை இன்னொருத்தி முடித்தாள். அதிலிருந்த பிழையை மூன்றாமவள் திருத்தினாள். விடையை மறைக்க ஒருத்தியும் கையை வளைக்கவில்லை.

டீச்சருக்குத் தன் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. இவள் எட்டிப் பார்த்து எழுதட்டும் என்று, நடுவில் இருக்கும் காக்கிப் பையைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி சுகிர்தா முழங்கையால் மெல்ல அமுக்கிக் கொடுப்பாள். மாட்டிக்கொண்ட அன்று இரண்டு தாளிலும் ஒரே தப்பு. "யாரு யாரைப் பாத்து எழுதுனது?" இவள் வாயைத் திறக்கவில்லை. பிரம்படியும் கடைசிப் பெஞ்சும் சுகிர்தாவுக்குப் போயின. மறுநாளிலிருந்து இவள் பக்கத்தில் பை மட்டும் இருந்தது.

மேசையிலிருந்த தன் டேப்லெட்டை இழுத்து, தனக்குத்தானே எழுதிக்கொள்வதுபோல் எழுதினாள்: 'காப்பியடிச்சது சுகிர்தா இல்ல, நான்தான்.'

நாற்பது தலைகளும் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தன. அதுவும் அதே பக்கம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பதறி அழித்தாள். அழித்த இடத்தில் பிள்ளைகளில் யாரோ ஒருத்தியின் சிவப்புக் கர்சர் கோடு வந்து நின்று துடித்தது. பிறகு எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

'அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?'