மடை திறக்க முதல் மரியாதை

ஏரியில ஒரு விரால் மீன் குஞ்சுகளோட குடியிருந்துச்சு. வெள்ளாமை பண்ற சம்சாரி வீட்டு மாடு, மந்தை மேய்க்கிற கீதாரியோட ஆடு, மீன்காரரோட வலை, இந்த மூணுக்கும் அந்தத் தண்ணியால வருஷம் பூரா சண்டை. அன்னைக்கு என்னவோ அதிசயமா மூணும் ஒத்துப்போயிருச்சு. மடையைத் திறந்துட்டா வயலுக்குத் தண்ணி, வத்தின ஏரியில ஆட்டுக்குப் புல்லு, வலைக்கு மீனு.

மடை திறந்தா விரால் குஞ்சுகளோட வலைக்குத்தான். ஆனாலும் அது தலையைத் தூக்கி, "நல்ல முடிவுண்ணே. மடைக்குப் பூசை போடுவீங்கல்ல, அதுல முதல் மரியாதை யாருக்கு?"ன்னு கேட்டுச்சு.

"இதுல என்ன கேள்வி? பயிர் எங்களது, மரியாதையும் எனக்குத்தான்"னுச்சு மாடு.

"பூசைக்குக் கழுத்தைக் குடுக்கிறது எங்க வம்சம். மரியாதை மட்டும் உனக்கா?"ன்னு ஆடு முறைச்சுச்சு.

"நீங்க ரெண்டு பேரும் கரையில நின்னு தண்ணி குடிச்சவங்க. உள்ள இறங்கி ஏரியை அளந்தவன் நான்"னு வலை சிலுப்பிக்கிச்சு.

பேச்சு ஒரு மாசம் இழுத்துச்சு. பயிர் பாதி கருகிப்போச்சு. மடையை யாரும் தொடல. அப்புறம் மழை கொட்டி ஏரி நெறைஞ்சிருச்சு. நனைஞ்சுக்கிட்டே நின்ன மாடு விராலைப் பார்த்து, "தம்பி, நீயே ஒரு நியாயம் சொல்லு"ன்னுச்சு.

"சொல்றேண்ணே, தண்ணி கொஞ்சம் வடியட்டும்"னுட்டு விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு ஆழத்துக்குப் போயிருச்சு.