பதினோராவது ஸ்ட்ராப்

ஜெபசெல்வி டீச்சர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் இடமும் வலமுமாகத் திரும்பிப் பார்த்தார். "எடுப்பாத்தான் இருக்கு. ஆனா உறுத்துது," என்று கழற்றி வைத்தார்.

நகைக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு கேமரா கடை. கண்ணாடி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் தலை சீவ வைத்தது. டீச்சர் கழற்றி வைத்தது, கேமராவைத் தொங்கவிடும் பத்தாவது ஸ்ட்ராப்.

"உறுத்தாததா ஒண்ணு எடுப்போம்மா," என்றாள் பெர்சி. சித்தப்பாவின் கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பத்து ஸ்ட்ராப் எடுத்துப் போட்டும் முகத்தில் சுளிப்பு இல்லை. டீச்சர் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ராப் வெறும் சாக்கு. நாளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மகன் ஜெர்சனுக்கு இந்தப் பெர்சியைத்தான் பெண் பார்க்கப் போகிறார்கள். காப்பித் தட்டோடு வந்து நிற்கிற பத்து நிமிஷத்தில் எந்தப் பிள்ளையின் குணம் தெரியும்? முப்பத்தோரு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர் டீச்சர். விடையை மட்டும் பார்த்து மார்க் போட்டதே இல்லை.

ஏற்கெனவே இரண்டு இடம் டீச்சர் சொன்ன குறையால் தட்டிப்போயிற்று. "இதுதான் கடைசி. இதுலயும் குத்தம் சொன்னீங்கன்னா இனிமே எனக்குப் பொண்ணே பாக்காதீங்க," என்று சொல்லிவிட்டான் ஜெர்சன். முப்பத்திரண்டு வயது. சொன்னதைச் செய்கிறவன். டீச்சருக்கு அந்தப் பயம் ஒரு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்தது.

அதனால்தான் யாரிடமும் மூச்சுவிடாமல் காலையில் தங்கள் ஊரான நாசரேத்தில் பஸ் ஏறினார். போதகரின் மனைவி மூலம் கைமாறியது பையன் போட்டோவும் பெண் போட்டோவும் மட்டும்தான். தன்னை இவளுக்கு அடையாளம் தெரிய வழியில்லை.

கணவர் அருமைநாயகத்திடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் ரகசியம் தங்காது. நேற்றுக் கண் டாக்டரைப் பார்க்க இதே தூத்துக்குடிக்கு வந்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கே திருதிருவென்று விழித்த மனிதர்.

ஜெர்சனுக்குத் துறைமுகத்தில் வேலை. கன்டெய்னர்களின் பூட்டு முத்திரையையும் நெளிசலையும் நாள் முழுக்கப் படம் எடுக்க வேண்டும். ஸ்ட்ராப் உரிந்து கழுத்தை அறுக்கிறது என்று அவன் ஒரு மாதமாகப் புலம்பியதில்தான் டீச்சருக்கு இந்தச் சாக்கு கிடைத்தது. இந்த வாரம் ஏனோ புலம்பலைக் காணோம்.

"யாருக்கும்மா ஸ்ட்ராப்பு?"

"எனக்குத்தான். இப்பதான் போட்டோ எடுக்கப் படிக்கேன். பூவு, பூனைக்குட்டி, சபைல கல்யாணம், எல்லாத்தையும் எடுக்கணும்."

"கேமரா எவ்வளவு கனம் இருக்கும்?"

டீச்சர் யோசித்தார். "ஒரு கிலோ கருப்பட்டி இருக்கும்."

பெர்சி சிரித்தாள். கேலியாக இல்லை. ஏறக்குறைய அந்தக் கனத்தில் ஒரு கேமராவை எடுத்து, மெல்லிய நைலான் ஸ்ட்ராப் ஒன்றில் கோத்து டீச்சரின் தோளில் குறுக்காக மாட்டிவிட்டாள். "கண்ணாடில பாத்தா தெரியாதும்மா. இங்கன பத்து நடை நடங்க. தோளு சொல்லும்."

டீச்சர் நடந்தார். உண்மையிலேயே கனம் தெரியவில்லை.

"இத கழுத்துலயும் போடலாம், குறுக்கயும் மாட்டலாம். கிளிப்பக் கழத்தினா கையில சுத்திக்கிடலாம். நம்ம ஊரு உப்புக்காத்துக்குத் தோல் ஸ்ட்ராப்பு தாங்காது. இத அலசிக் காயப்போட்டாப் போதும்."

"அந்தப் பெரிய டப்பால இருக்கது?"

"அது உங்களுக்கு வேண்டாம்மா. வெலதான் கூட. உள்ள மெத்த வச்சிருக்கு, வேர்வையக் குடிச்சு நாறும்."

விலை கூடியதை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரியை டீச்சர் இப்போதுதான் பார்க்கிறார். ஆனாலும் விடவில்லை. "கழுத்து வலிக்காதுல்லா?"

"மூணாவது தடவ கேக்கீங்க. நீங்க டீச்சராம்மா?"

"இல்ல இல்ல. வீட்லதான் இருக்கேன்," என்று டீச்சர் பதறிப்போனார். ரிட்டயர் ஆகிவிட்டதால் அது பொய் இல்லை என்று மனசுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டு மார்க். டீச்சர் வாழ்க்கையில் யாருக்கும் அதற்கு மேல் போட்டதில்லை. நெஞ்சு லேசானது. இந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தால் ஜெர்சன் பிழைத்துக்கொள்வான். இனி இவள் நம்மை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

"இதையே போடும்மா."

"பில்லுக்குப் பேரு?"

"இன்பமணி," என்று பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைக் கூசாமல் சொன்னார்.

"போன் நம்பரு?"

நம்பரை மடமடவென்று ஒப்பித்தார். கடைகளில் கேட்டால் அந்த வீட்டில் எல்லோருமே அருமைநாயகத்தின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். விளம்பர மெசேஜெல்லாம் சும்மா இருக்கிற மனிதருக்கே போகட்டும் என்று டீச்சர் போட்ட சட்டம் அது.

பெர்சி நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

"இந்த நம்பர்ல புதன்கிழமை ஒரு ஸ்ட்ராப்பு, பேரு ஜெர்சன். நேத்து ஒரு ஸ்ட்ராப்பு, பேரு அருமைநாயகம்."

டீச்சருக்குக் காதுமடல் வரை சூடேறியது. பெர்சி பதினோராவது ஸ்ட்ராப்பைப் பையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஒரு கேமராவுக்கு மூணு ஸ்ட்ராப்பு எதுக்கு அத்தை?"